முதுகு ஊசிக்கு சி-ஆர்மா, ஸ்கேனா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என்னிடம் இரண்டு மிஷினும் இருக்கின்றன, இரண்டுக்கும் கடன் கட்டி முடித்தாகிவிட்டது, அதனால் ஏதாவது ஒன்றைத் தூக்கிப் பிடித்து உங்களை அதன் கீழே படுக்க வைக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. மயக்க மருந்து படித்துவிட்டு வலி சிகிச்சைக்கு வந்தவன் நான். பதினைந்து வருஷமாக முதுகிலும் கழுத்திலும் ஊசி போட்டுக்கொண்டிருக்கிறேன். இப்போதெல்லாம் ஓபியில் வந்து உட்காருகிறவர்கள் எம்.ஆர்.ஐ. பையை மேஜைமேல் வைக்கும்போதே ஒரு கேள்வியையும் சேர்த்து வைக்கிறார்கள். போன வாரம் ஓர் அம்மா கேட்டார்: "டாக்டர், எக்ஸ்ரே மிஷின்ல போடுவீங்களா, ஸ்கேன் பாத்துப் போடுவீங்களா? ஸ்கேன்னா கதிர் கிடையாதாமே."

நியாயமான கேள்வி. ஆனால் எந்த ஊசி என்று தெரியாமல் எந்த மிஷின் என்று பேசுவது, எந்த ஊருக்கு என்று சொல்லாமல் பஸ்ஸா ரயிலா என்று கேட்கிற மாதிரி. 'முதுகு ஊசி' என்று நாம் ஒரே பெயரில் சொல்வதற்குள் குறைந்தது பத்து வகை ஊசிகள் இருக்கின்றன. சில தோலுக்கு இரண்டு செ.மீ. கீழே நின்றுவிடும், சில எலும்புக்குள் இருக்கிற துளைக்கே போக வேண்டும். இரண்டுக்கும் ஒரே கண் போதாது.

சி-ஆர்ம் என்பது ஆங்கில 'சி' எழுத்து மாதிரி வளைந்த எக்ஸ்ரே மிஷின். ஒரு முனையிலிருந்து கதிர் வரும், மறுமுனை அதை வாங்கிப் படமாக்கும், நடுவில் நீங்கள் குப்புறப் படுத்திருப்பீர்கள். எலும்பு பளிச்சென்று தெரியும், ஊசி தெரியும். அவ்வளவுதான். நரம்பு தெரியாது, ரத்தக்குழாய் தெரியாது, தசை தெரியாது. அதனால்தான் அயோடின் கலந்த டை மருந்தைக் கொஞ்சம் செலுத்தி, அது எங்கே பரவுகிறது என்று பார்க்கிறோம். ஸ்கேன், அதாவது அல்ட்ராசவுண்ட், இதற்கு நேர் எதிர். தசை, தசைக்கு மேலே இருக்கிற உறை, ரத்தக்குழாய், கழுத்தில் என்றால் நரம்பே கூடத் தெரியும், ஊசி வெள்ளைக் கோடாக நகர்வதை அந்த நிமிஷமே பார்க்கலாம். ஆனால் ஒலி எலும்பில் பட்டதும் திரும்பிவிடும், எலும்புக்குப் பின்னால் வெறும் கறுப்பு நிழல். முதுகுத்தண்டு என்பதே எலும்பால் கட்டின வீடு, நமக்கு வேண்டிய நரம்பு வீட்டுக்குள் இருக்கிறது. ஸ்கேனை வைத்து வாசல் திண்ணை வரை நன்றாகப் பார்க்கலாம், ஜன்னல் திறந்திருந்தால் உள்ளேயும் கொஞ்சம் எட்டிப் பார்க்கலாம். அறுபது வயதுக்கு மேல் தேய்மானம் வந்து எலும்பு முளைத்தவர்களுக்கு அந்த ஜன்னலும் பாதி அடைத்திருக்கும்.

இதை வைத்துக்கொண்டு ஊசி ஊசியாகப் பார்ப்போம். பெரும்பாலானவர்கள் வருவது காலுக்கு இறங்குகிற வலிக்குத்தான், அதாவது சயாட்டிகா. இடுப்பு ஜவ்வு விலகி நரம்பு வேரை அழுத்துகிறது, நரம்பு வெளியே வருகிற துளை வழியாக ஊசியை நுழைத்து அந்த வேருக்குப் பக்கத்தில் ஸ்டீராய்டு வைக்கிறோம். டிரான்ஸ்ஃபொராமினல் எபிடியூரல் என்று சீட்டில் எழுதியிருப்போம், எபிடியூரல் என்றால் தண்டுவட உறைக்கு வெளியே மருந்து வைப்பது. இதை நான் எப்படிப் போடுகிறேன் என்று சொன்னால் விஷயம் விளங்கும்.

வயிற்றுக்கடியில் ஒரு தலையணை, இடுப்பு வளைவு நிமிர்வதற்கு. சி-ஆர்மைக் கொஞ்சம் சாய்த்தால் திரையில் ஒரு குட்டி நாய் தெரியும். ஸ்காட்டி நாய் என்பார்கள், முள்ளெலும்பின் பாகங்கள் சேர்ந்து மூக்கு, கண், காது, கழுத்து என்று நிஜமாகவே நாய் மாதிரிதான் இருக்கும் (நம் ஊரில் கண்டுபிடித்திருந்தால் ராஜபாளையம் என்று பெயர் வைத்திருப்போம்). அந்த நாயின் கண்ணுக்குச் சற்றுக் கீழே குறிவைத்து ஊசி போகும். பிறகு மிஷினைப் பக்கவாட்டில் திருப்பி ஆழம் பார்ப்பேன். உறிஞ்சிப் பார்த்தால் ரத்தம் வரக்கூடாது. வரவில்லை. சரி, அரை மி.லி. டை. நல்லபடியாக இருந்தால் அந்தக் கறுப்பு மருந்து நரம்பைச் சுற்றிக்கொண்டு, வாய்க்காலில் தண்ணீர் இறங்குகிற மாதிரி சாய்வாக ஒரு கோடு போடும், போட்டுவிட்டு அங்கேயே நிற்கும். அன்றைக்கு, லாரி ஓட்டுகிற ஒருவருக்கு, டை போட்டேன், திரையில் சரக்கென்று ஒரு மெல்லிய கீற்று மேலே ஓடி அடுத்த நொடி காணாமல் போனது. ரத்தக்குழாய். உறிஞ்சியபோது ஒரு சொட்டு ரத்தம் வரவில்லை, ஆனால் ஊசி முனை குழாய்க்குள் இருக்கிறது. இரண்டு மி.மீ. பின்னால் இழுத்து, கோணம் மாற்றி, மறுபடி டை, இப்போது கோடு நின்றது, மருந்து போட்டேன். அவருக்கு இதெல்லாம் தெரியாது, "முடிஞ்சுதா சார்?" என்று மட்டும் கேட்டார்.

இது அபூர்வம் இல்லை. 2000-ஆம் ஆண்டில் ஃபர்மன் என்ற மருத்துவரும் அவர் சகாக்களும் வெளியிட்ட ஆய்வில், இடுப்புப் பகுதியில் இந்த வகை ஊசிகளில் 11.2 சதவீதம் ரத்தக்குழாய்க்குள் போயிருந்தது டை போட்டபோதுதான் தெரிந்தது, எஸ்-1 என்கிற கீழ்த் துளையில் மட்டும் எடுத்தால் 21 சதவீதம். உறிஞ்சினால் ரத்தம் வருகிறதா என்று பார்த்து அதில் பாதியைக்கூடக் கண்டுபிடிக்க முடியவில்லை. அடுத்து 2003-இல் கழுத்துக்கு அதே கணக்கைப் பார்த்தார்கள், 19.4 சதவீதம்.

சிரைக்குள் போனால் மருந்து வீண், வலி குறையாது, அதோடு போயிற்று. தமனிக்குள் போனால்தான் கதையே வேறு. தண்டுவடத்துக்கு ரத்தம் கொண்டுபோகிற பெரிய கிளை ஒன்று இருக்கிறது, ஆடம்கீவிச் தமனி என்று பெயர், பெரும்பாலும் இடதுபக்கம், நெஞ்சின் கீழ்ப்பகுதிக்கும் இடுப்பின் மேல்பகுதிக்கும் இடையில் ஏதோ ஒரு துளை வழியாக உள்ளே போகும், சிலருக்கு அதற்கும் கீழே இருக்கும், யாருக்கு எங்கே என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. டிரையாம்சினலோன், மெத்தில்பிரெட்னிசலோன் மாதிரி துகள் கலந்த ஸ்டீராய்டு அதற்குள் போய் அடைத்தால் கால்கள் இரண்டும் போய்விடலாம். கழுத்தில் நடந்தால் பக்கவாதம், உயிரிழப்பு. இப்படிப்பட்ட சம்பவங்களை வைத்துத்தான் 2014 ஏப்ரலில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எபிடியூரல் ஸ்டீராய்டு ஊசிகளுக்கு எச்சரிக்கை போட்டது, 2015-இல் பல மருத்துவச் சங்கங்கள் உட்கார்ந்து விதிமுறை எழுதின: இந்தத் துளை வழி ஊசியை எக்ஸ்ரே படத்தில் பார்த்து, டை ஓடுவதையும் அந்த நேரத்திலேயே பார்த்துத்தான் போட வேண்டும், கழுத்தில் துகள் ஸ்டீராய்டு கூடவே கூடாது, இடுப்பிலும் முதலில் துகளில்லாத டெக்ஸாமெத்தசோனிலிருந்து தொடங்க வேண்டும்.

ஸ்கேனில் ரத்த ஓட்டத்தைக் காட்டுகிற டாப்ளர் போட்டால் ரத்தக்குழாய் தெரியுமே என்று படித்துவிட்டு வருகிறவர்கள் கேட்பார்கள். தெரியும், கழுத்தில் தோலுக்குப் பக்கத்தில் இருந்தால். இடுப்பில் ஆறு ஏழு செ.மீ. ஆழத்தில், எலும்பு நிழலுக்குப் பின்னால், நூல் மாதிரி ஒரு தமனியை டாப்ளரில் பார்த்துவிட்டேன் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். ஆகவே இடுப்பில் துளை வழி எபிடியூரல் என்றால் சி-ஆர்ம், டையோடு. இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது, கதிர் பயம் என்று சொன்னாலும் சரி.

இனி ஸ்கேனுக்கு வருவோம், அதற்குரிய மரியாதையைக் கொடுக்க வேண்டும், ஏனென்றால் சில இடங்களில் சி-ஆர்மை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டேன்.

கழுத்து. பின்மண்டையில் ஆரம்பித்து நெற்றி வரை வருகிற ஒரு தலைவலி இருக்கிறது, மைக்ரேன் என்று வருஷக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டிருப்பார்கள், கடைசியில் பார்த்தால் கழுத்தின் இரண்டாவது மூன்றாவது எலும்புகளுக்கு நடுவில் இருக்கிற மூட்டுதான் காரணம். அந்த மூட்டுக்குக் குறுக்கே மூன்றாவது ஆக்சிபிடல் நரம்பு ஓடுகிறது. சி-ஆர்மில் நரம்பு தெரியாது என்பதால் எலும்பை வைத்துக் கணக்குப் போட்டு மூன்று இடத்தில் ஊசி வைப்பது வழக்கம். நல்ல ஸ்கேன் மிஷினில் அந்த நரம்பையே பார்க்கலாம், சிறு வட்டமாக, மூட்டின் மேட்டுக்கு மேலே. 2006-இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்தில் ஆரோக்கியமான ஆட்களிடம் இதைச் செய்து காட்டினார்கள். ஒரே ஊசி, அரை மி.லி. மரப்பு மருந்து, பத்து நிமிஷத்தில் பின்மண்டையில் ஒரு சிறு திட்டு மரத்துப்போனால் சரியான இடத்தில் விழுந்தது என்று அர்த்தம். நோயாளி தானே விரலால் தடவிப் பார்த்து, "ஆமா டாக்டர், இங்க யாரோ தோல மாத்தி வெச்ச மாதிரி இருக்கு" என்பார்.

கழுத்தின் முன்பக்கம் ஸ்டெல்லேட் என்கிற நரம்பு முடிச்சுக்குப் போடுகிற ஊசியும் அப்படித்தான், அது முதுகெலும்பு ஊசி கணக்கில் வருமா என்று சண்டைக்கு வராதீர்கள், கை வீங்கிச் சிவந்து எரிகிற நோய்க்குப் போடுவது. அங்கே தைராய்டு, உணவுக்குழாய், பெரிய தமனி எல்லாம் ஒரு விரல் அகலத்துக்குள் நெருக்கி நிற்கின்றன, சி-ஆர்மில் இதில் எதுவும் தெரியாது. 1990-களிலேயே ஸ்கேன் வைத்துப் போட ஆரம்பித்துவிட்டார்கள். இன்றைக்கு அதை ஸ்கேன் இல்லாமல் போடுவதற்கு எனக்குத் தைரியம் இல்லை.

அப்புறம் வால் எலும்புப் பக்கம் போடுகிற காடல் எபிடியூரல். எங்கள் பேச்சில் 'காடல்' என்றே சொல்லிவிடுவோம். பிட்டப் பிளவுக்குச் சற்று மேலே ஒரு சிறு துளை, அதன் வழியாகப் போட்டால் மருந்து மேலே ஏறும். ஏற்கெனவே இடுப்பில் ஆபரேஷன் ஆகி மேலே வழி அடைத்துப்போனவர்களுக்கும், வயதானவர்களுக்கும் நல்ல வழி. பழைய காலத்தில் கட்டைவிரலால் தடவிப் பார்த்து ஊசி போடுவார்கள், இப்போதும் போடுகிறவர்கள் உண்டு. அனுபவசாலிகள் கையிலேயே சுமார் நான்கில் ஒன்று தப்பான இடத்தில் விழுகிறது என்று 1980-லேயே எழுதிவிட்டார்கள். துளையின் வடிவம் ஆளுக்கு ஆள் மாறும், சிலருக்கு மூடியே இருக்கும். ஸ்கேனைக் குறுக்காக வைத்தால் இரண்டு மேடு, நடுவில் ஒரு வெள்ளைப் பட்டை, தவளை தண்ணீருக்கு மேலே கண்ணை நீட்டிக்கொண்டிருக்கிற மாதிரி. கையில் பிடித்திருக்கிற புரோபை நெடுக்காகத் திருப்பினால் ஊசி அந்தப் பட்டையைக் குத்திக்கொண்டு நுழைவது கண்ணெதிரே தெரியும். பட்டையைத் தாண்டியதும் ஊசி எலும்பு நிழலுக்குள் போய்விடும், பிறகு முனை எங்கே என்று ஸ்கேன் சொல்லாது. தண்டுவட உறை பெரும்பாலும் எஸ்-2 மட்டத்தில் முடிகிறது, அதனால் பட்டையைத் தாண்டியபின் ஊசியை உள்ளே தள்ளிக்கொண்டே போகக் கூடாது. சிரைக்குள் போனாலும் ஸ்கேனில் தெரியாமல் போக வாய்ப்பு உண்டு, மருந்து எந்த மட்டம் வரை ஏறியது என்பதும் தெரியாது. ஆகவே என் பழக்கம், தியேட்டர் காலியாக இருந்தால் ஸ்கேனில் உள்ளே நுழைந்துவிட்டு ஒரே ஒரு தடவை டை போட்டு சி-ஆர்மில் படம் எடுத்துக்கொள்வேன். இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை, ஆனால் இதா அதா என்று பேசியே எல்லோருக்கும் பழகிவிட்டது.

பிட்டத்துக்குள் இருக்கிற பைரிஃபார்மிஸ் தசைக்கு ஸ்கேன்தான், யோசிக்க வேண்டியதே இல்லை. முழங்காலை மடக்கி இடுப்பைத் திருப்பினால் அந்தத் தசை மட்டும் திரையில் வழுக்கிக்கொண்டு போகும், மேலே இருக்கிற பெரிய தசை அப்படியே இருக்கும், கீழே சயாட்டிக் நரம்பும் தெரியும். எலும்பை மட்டும் காட்டுகிற மிஷினுக்கு அங்கே வேலை குறைவு. இடுப்பு எலும்பும், வால் எலும்புக்கு மேலே இருக்கிற முக்கோண எலும்பும் சேருகிற எஸ்.ஐ. மூட்டுக்கு இரண்டும் நடக்கும், மூட்டுக்குள்ளேயே போயிற்றா என்று உறுதி வேண்டுமானால் டையோடு சி-ஆர்ம், மூட்டைச் சுற்றிப் போட்டாலும் பலருக்குக் குறைகிறது என்பதால் நான் இதில் அடம் பிடிப்பதில்லை.

நிஜமான போட்டி ஃபேசட் மூட்டில்தான். முதுகெலும்பின் பின்னால் ஜோடி ஜோடியாக இருக்கிற சின்ன மூட்டுகள், நிமிர்ந்தால் வலிக்கும், குனிந்தால் கொஞ்சம் தேவலை. ஒவ்வொரு மூட்டுக்கும் இரண்டு நரம்புக் கிளைகள் (இடுப்புப் பகுதி முள்ளெலும்புகளை மேலிருந்து எல்-1, எல்-2 என்று எண்ணுவோம்), எல்-4, எல்-5 நடுவில் இருக்கிற மூட்டுக்கு எல்-3 கிளையும் எல்-4 கிளையும். அந்தக் கிளைகளை மரத்துப்போக வைத்துப் பார்ப்போம். 2004-இல் வியன்னாவில் இதை ஸ்கேன் வைத்துப் போடலாம் என்று காட்டினார்கள், அதிலிருந்து நிறைய ஒப்பீடுகள் வந்துவிட்டன, வலி குறைவதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்றுதான் பெரும்பாலும் சொல்கின்றன. நான் அதை மறுக்கவில்லை. ஆனால் படிக்கும்போது இரண்டு விஷயம் கவனியுங்கள். அந்த ஆய்வுகளைச் செய்கிறவர்கள் ஸ்கேனில் கைதேர்ந்தவர்கள், குண்டானவர்களைப் பல நேரம் சேர்ப்பதே இல்லை. அடுத்தது, ஐம்பது அறுபது பேரை வைத்து வலி குறைந்ததா என்று பார்க்கலாம், ஆயிரத்தில் ஒருவருக்கு வருகிற விபத்தைப் பார்க்க முடியாது. ஃபேசட்டில் அந்த விபத்துக்கு வாய்ப்பே குறைவு என்பதால் பரவாயில்லை, அதையே எபிடியூரலுக்கும் நீட்டிச் சொல்வதைத்தான் ஏற்க முடியாது.

குண்டு என்றதும் என் மானம் போன கதை ஒன்று. ஸ்கேன் பயிற்சி முகாம் ஒன்றுக்குப் போய்வந்த புதுசு, அங்கே மாடலாகப் படுத்திருந்த பையன் ஒல்லிப்பிச்சான், புரோபை வைத்த உடனே எல்லாம் பாடப்புத்தகத்தில் இருக்கிற மாதிரி தெரிந்தது, குதிரைத் தலை, ஒட்டகத் திமில், திரிசூலம் (இதெல்லாம் நான் வைத்த பெயர் இல்லை, முதுகு ஸ்கேனில் எலும்புகளும் நிழல்களும் தெரிகிற தோற்றத்துக்கு நிஜமாகவே இந்தப் பெயர்கள்தான்). ஊருக்கு வந்ததும் முதல் ஆள், மளிகைக்கடை வைத்திருப்பவர், நூற்றுப் பத்து கிலோ. திரிசூலம் எங்கே? சாம்பல் நிறத்தில் பொரிபொரியாக, ஆண்டெனா திரும்பிப்போன பழைய டிவி மாதிரி. எலும்பு ஒன்பது செ.மீ. ஆழத்தில். அழுத்தினேன், சாய்த்தேன், ஜெல்லை இன்னும் கொட்டினேன். மூன்று குத்து, நாற்பது நிமிஷம், எனக்கு வியர்த்து மாஸ்க் நனைந்துவிட்டது. கடைசியில் ஸ்ட்ரெச்சரில் வைத்து சி-ஆர்ம் இருக்கிற அறைக்குத் தள்ளிக்கொண்டு போய் எட்டு நிமிஷத்தில் முடித்தேன். அவர் எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டே, "முதல்லயே இந்த ரூமுக்கு வந்திருக்கலாம்ல டாக்டர்" என்றார். அதிலிருந்து வயிறு பெருத்தவர்களைப் பார்த்தால் ஸ்கேன் புரோபை எடுப்பதற்கு முன்னால் யோசிக்கிறேன். ஒல்லியானவர் என்றாலும் கடைசி மட்டத்தில், எல்-5 கிளைக்கு, இடுப்பு எலும்பின் விளிம்பு குறுக்கே வந்து நிழல் போடும்.

இந்தப் பரிசோதனை ஊசியில் வலி குறைந்தால் அடுத்து ரேடியோ அலைச் சூட்டில் அந்தக் கிளையைச் சுடுவோம். அதற்கு ஊசியின் முனை மட்டும் நரம்பைத் தொட்டால் போதாது, ஊசியே நரம்பு ஓடுகிற திசையில் படுத்திருக்க வேண்டும், இரண்டு மூன்று கோணத்தில் படம் பார்த்துத்தான் படுக்க வைக்க முடியும். அது சி-ஆர்ம் வேலை. அதனால் சுடுவதுவரை போகலாம் என்று தோன்றுகிறவருக்குப் பரிசோதனை ஊசியையும் சி-ஆர்மிலேயே போட்டுவிடுவேன், சோதித்த இடமும் சுடுகிற இடமும் ஒன்றாக இருக்க வேண்டும் இல்லையா.

சரி, கதிர். பயப்படுகிறவர்களைக் கேலி செய்கிற டாக்டர்கள் எனக்குப் பிடிக்காது, பயத்துக்கு அளவு சொன்னால் போதும். உலகத்தில் சும்மா உட்கார்ந்திருப்பதற்கே மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் வருஷத்துக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் (கதிரை அளக்கிற அலகு) நமக்குக் கிடைக்கிறது, மணவாளக்குறிச்சிப் பக்கம் மோனசைட் மணல் இருக்கிற கடற்கரையில் இதைவிட அதிகம். என் கையில் ஒரு இடுப்பு ஊசிக்குக் கதிர் ஓடுவது மொத்தமாகச் சேர்த்தால் பதினைந்திலிருந்து முப்பது நொடி. ஒன்றிரண்டு தடவை போட்டுக்கொள்கிற உங்களுக்கு அது முடிவை மாற்றுகிற விஷயம் இல்லை. கவலைப்பட வேண்டியவன் நான், தினமும் அந்த மேஜைப் பக்கத்தில் நிற்கிறேன். உங்கள் உடம்பில் பட்டுச் சிதறுகிற கதிர்தான் எனக்கு வருவது. அதனால்தான் ஈய ஏப்ரன், கழுத்துக்குத் தனியாக ஒரு பட்டி, மார்பில் வாங்கிய கதிரை அளக்கிற டி.எல்.டி. பட்டை, டியூபை மேஜைக்குக் கீழே வைப்பது, படம் எடுக்கும்போது ஓரடி பின்னால் நகர்வது. எங்களைப் போன்றவர்களுக்கு இந்திய அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வைத்திருக்கிற வரம்பு, ஐந்து வருஷ சராசரியில் வருஷத்துக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஒரு வருஷத்திலும் 30-ஐத் தாண்டக் கூடாது. மே மாசத்தில் அந்த ஏப்ரனைப் போட்டுக்கொண்டு நாலு கேஸ் முடித்தால் சாயங்காலம் எனக்கே முதுகு வலிக்கும், அது வேறு கதை.

கர்ப்பிணி என்றால் பேச்சே இல்லை, ஸ்கேன் வழியாக முடிகிற ஊசி மட்டும், அதுவும் நிஜமாகவே தேவைப்பட்டால். மாதவிடாய் தள்ளிப்போயிருந்தால் வெட்கப்படாமல் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

டை மருந்து ஒவ்வாமை என்றும் சிலர் ஸ்கேன் கேட்பார்கள். முன்னால் சி.டி. எடுத்தபோது டை போட்டு மூச்சுத்திணறல், முகவீக்கம் வந்திருந்தால் அது நிஜமான காரணம், சொல்லியே ஆக வேண்டும். இறால் சாப்பிட்டால் தடிக்கும், அதனால் அயோடின் ஆகாது என்பது மட்டும் காரணம் ஆகாது, இறால் ஒவ்வாமை இறாலின் புரதத்துக்கு, அயோடினுக்கு இல்லை. அயோடின் டைக்குப் பதிலாக எம்.ஆர்.ஐ.க்குப் போடுகிற கடோலினியத்தைப் போடலாமே என்பார் சிலர், அது தண்டுவட நீருக்குள் கசிந்தால் மூளையைப் பாதிக்கும், நான் தொடமாட்டேன். சிறுநீரகம் பலவீனமானவர்கள் டை என்றதும் பயப்படுகிறார்கள், இங்கே போடுவது ஒன்றிரண்டு மி.லி., சி.டி.க்கு ஏற்றுகிற மாதிரி ஒரு பாட்டில் இல்லை.

இன்னொரு நம்பிக்கை, ஸ்கேன் ஊசியில் ஸ்டீராய்டு இல்லை என்பது. மிஷின் வழி காட்டுகிறது, மருந்து அதே மருந்து. சுகர் இருப்பவர்களுக்கு எந்த மிஷினில் போட்டாலும் சில நாள் ஏறும், சிலருக்கு இரண்டு வாரம் வரை, வீட்டில் குளுக்கோமீட்டர் வைத்துப் பாருங்கள். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடுகிற மாத்திரையும் அப்படித்தான், இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் ஊசிக்காகத் தானாகவே அதை நிறுத்திவிட்டு வந்து நிற்கக் கூடாது, இதய டாக்டரிடம் கேட்டபிறகுதான்.

நடைமுறையில் நீங்கள் எந்த மிஷினின் கீழ் படுக்கிறீர்கள் என்பதைப் பல இடங்களில் தீர்மானிப்பது இதில் எதுவுமே இல்லை, அந்த ஆஸ்பத்திரியில் எது இருக்கிறது என்பதுதான். சி-ஆர்முக்கு அணுசக்தி வாரிய அனுமதி, ஈயம் பதித்த அறை, டெக்னீஷியன், தியேட்டர் வாடகை. ஸ்கேன் மிஷின் ஒரு மூலையில் நிற்கும், பில்லும் குறைவாக வரும், ஆனால் நம் நாட்டில் அதற்கும் 1994-ஆம் ஆண்டு பாலினத் தேர்வு தடைச் சட்டத்தில் பதிவு வேண்டும், முதுகு வலிக்கு மட்டும் வைத்திருக்கிறேன் என்றாலும் விடமாட்டார்கள். அதனால் என் அறையில் எழுபது வயது தாத்தா குப்புறப் படுத்திருக்கிற சுவரில், 'இங்கு கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று தெரிவிக்கப்படமாட்டாது' என்று போர்டு தொங்குகிறது. ஒருவர் அதைப் படித்துவிட்டு, "எனக்கு ஜவ்வுனு மட்டும் தெரிஞ்சா போதும் டாக்டர்" என்றார்.

ஒரு மிஷின் மட்டும் இருக்கிற இடத்தில் அந்த மிஷினால் எல்லாம் முடியும் என்பார்கள், எதுவுமே இல்லாத இடத்தில் மிஷினே தேவையில்லை என்பார்கள். கழுத்தில் எந்தப் படமும் பார்க்காமல் எபிடியூரல் போட்டு, மருந்து எங்கே போனது என்று யாருக்கும் தெரியாமல் வலியோடு என்னிடம் வந்து சேர்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆகவே "எந்த மிஷின்" என்று கேட்பதற்கு முன்னால் வேறு இரண்டு கேள்வி கேளுங்கள்: ஊசி முனை எந்த இடத்தில் நிற்கும்? அது ரத்தக்குழாய்க்குள் இல்லை என்று எப்படித் தெரிந்துகொள்வீர்கள்? கழுத்து என்றால் மூன்றாவதாக, எந்த ஸ்டீராய்டு? நல்ல டாக்டர் இதற்கெல்லாம் கோபப்படமாட்டார், இரண்டு நிமிஷத்தில் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டிவிடுவார். அவர் கை எந்த மிஷினில் பழகியது என்பதும் முக்கியம்தான், குறிப்பாக ஸ்கேனில், படத்தைத் தேடி எடுப்பதே அவர் கைதான்.

அந்த அம்மாவுக்கு எம்.ஆர்.ஐ.யில் எல்-4, எல்-5 நடுவில் ஜவ்வு வலதுபக்கம் பிதுங்கி, கீழே இறங்குகிற எல்-5 வேரை அழுத்திக்கொண்டிருந்தது, வலி பெருவிரல் வரை போகிறது, ஆறு வாரமாகியும் மாத்திரைக்கும் பயிற்சிக்கும் அடங்கவில்லை. சி-ஆர்ம்தான் என்றேன், ஏன் என்று மேலே எழுதியதில் பாதியைச் சொன்னேன், டை ஓடுகிற பழைய படம் ஒன்றைத் திரையில் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "சரி, போட்டுட்டு அன்னிக்கே பஸ்ல ஊருக்குப் போயிடலாமா?" போகலாம், ஆனால் மரப்பு மருந்தால் அந்தக் கால் சில மணி நேரம் சொன்ன பேச்சைக் கேட்காது, பஸ் படியில் ஏறும்போது மடங்கிவிடும், கூட ஒரு ஆள் கட்டாயம் வர வேண்டும் என்றேன். மகனுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் லீவு என்றார். ஞாயிற்றுக்கிழமை என் டெக்னீஷியன் தம்பிக்கும் லீவு. திங்கட்கிழமை காலை மருமகளோடு வருவதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.